ஒரு மாத மந்திரி

மனைவி வீட்டில் மறந்துவைத்துவிட்டுப் போன கைபேசியில் சிந்திய இட்லி மாவைத் துடைக்கப்போன இளமாறன், ‘சம்மதம்’ பொத்தானில் விரல் பட்டு, மத்திய சுகாதார அமைச்சர் பதவியை அவள் சார்பில் ஏற்றுக்கொண்டுவிட்டார். பொதுமக்களிலிருந்து குலுக்கலில் எடுத்த மந்திரிகளை மாதந்தோறும் மாற்றும் காலம் அது.

மனைவி தேன்மொழி நர்ஸ் வேலை முடிந்து வருவதற்குள் வாசலில் தெருவே கூடிவிட்டது. கடலையே பார்க்காமல் கப்பல் துறையை ஒரு மாதம் மந்திரியாகப் பார்த்துவிட்டு வந்த எதிர்வீட்டுப் பால்காரர், "டெல்லியில குளிரும், கம்பளி எடுத்துக்கம்மா" என்றார்.

இளமாறன் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தே வைத்திருந்தார். இருந்தும், "வேண்டாம்னா ஆறு மணி வரைக்கும் மறுக்கலாம்" என்றார்.

"பாப்பாவுக்கு யாரு தலை பின்னுவா?"

"நான்தான். ஒரு மாசம் கோணலாப் பள்ளிக்கூடம் போவா."

"சாம்பார்?"

"அதுவும் கோணல்தான். நீ நேராச் சொல்லு, போகணுமா வேண்டாமா?"

பதினோரு வருடமாக எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்றே சொன்னவள், கைப்பையை அவரிடம் நீட்டினாள்.

"போகணும்ங்க. எங்க வார்டுல ஒரு கட்டில்ல ரெண்டு பேர் படுத்திருக்காங்க. மந்திரிக்கு மூணு தடவை எழுதிட்டேன், பதிலே இல்ல. இந்தத் தடவை நானே பதில் போடறேன்."