உம் கொட்டிய பூனை

கதை கட்டும்போது முதலில் வரவேண்டியது சம்பவமா, ஆளா என்று அணிலும் மைனாவும் தினமும் மல்லுக்கு நிற்கும்.

"வெள்ளம், தீ, சண்டைன்னு ஏதாவது நடந்தாத்தானே கதை?" என்று அணில் சொல்லும்.

"யாருக்கு நடக்குதுன்னு தெரியாம எவன் கேட்பான்?" என்று மைனா சீறும்.

அன்று தரையில் புழு கொத்திக்கொண்டிருந்த மைனாவைப் பூனை பாய்ந்து கவ்விவிட்டது.

"பூனையண்ணே, ஒரே ஒரு கதை கேட்டுட்டு அப்புறம் சாப்பிடுங்க!" என்று அணில் கிளையிலிருந்து கெஞ்சியது.

கதை என்றால் உம் கொட்ட வேண்டுமே! பூனை மூடிய வாயோடு "உம்" என்றது.

"ஆத்துல வெள்ளம் வந்துச்சு."

"உம்."

"பாலம் இடிஞ்சுது. ஊரே தீப்பிடிச்சுது!"

"உம்." பூனையின் பல் இன்னும் இறுகியது.

அணில் ஒரு கிளை கீழே இறங்கி வந்தது. "சரி, வேற கதை. ஒரு பூனை இருந்துச்சு. பால்னா அதுக்கு உயிர். ஆனா எலி பார்த்துக்கிட்டிருந்தா மட்டும் ஒரு சொட்டுகூடக் குடிக்காது."

"ஏன்?" என்றது பூனை.

வாய் திறந்ததுதான் தாமதம், மைனா விர்ரென்று உச்சிக்கிளைக்குப் பறந்தது. "ஜெயிச்சுட்டேன் அணிலே!" என்று ஊரே கேட்கக் கூவியது.

கீழே பூனை மைனாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது போய்த் தொலையட்டும். அந்தப் பூனை ஏன் குடிக்காது? அதைச் சொல்லு!" என்று மரத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.