நோன்பு நேரத்துச் சோடா

“உங்கட மாப்பிள டவுண் கடையில குந்திச் சோடா குடிக்கிறார் புள்ள. நோன்பு நாளையில, பட்டப்பகல்ல.”

கணவனைப் பற்றிப் பக்கத்து வீட்டுப் பரீனா போனில் சொன்னதும் ஸில்மியாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. காத்தான்குடியில் ஒருத்தி வாய்க்கு எட்டிய சேதி, அடுத்த தொழுகைப் பாங்குக்குள் ஊரைச் சுற்றிவிடும்.

அதுவரை அவளுக்கு அன்று நல்ல நாள்தான்.

ஆய்வுகூடத்தில் அவள் மலேரியாக் கிருமி வளர்க்கிறாள். அதன் எந்த மரபணு எந்த நேரத்தில் விழித்து வேலை செய்கிறது என்று, ஆர்.என்.ஏ.யை வரிசைப்படுத்திப் படிப்பதுதான் அவளது ஆராய்ச்சி. அந்தக் கிருமி உயிரோடிருக்க மனித ரத்தம் வேண்டும். தருகிறேன் என்றவர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார்.

நாளைக்குள் ரத்தம் கிடைக்காவிட்டால் கிருமி செத்துவிடும், எல்லாம் முதலிலிருந்து என்று நேற்று கணவன் அஸ்கரிடம் சொல்லி அழுதாள். புடவைக் கடைக்காரனுக்கு இதெல்லாம் விளங்குமா?

“மலேரியா சாகப்போகுதெண்டு அழுற பொஞ்சாதி உலகத்துலயே எனக்கு மட்டும்தான்” என்று சிரித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

இன்று பகல் எப்படியோ ரத்தம் வந்தது. கொடுத்தவர் பெயரைச் சொல்வது வழக்கமில்லை. பையில் இலக்கம் மட்டும்தான். முகம் தெரியாத அந்த நல்ல மனிசனுக்கு அவள் மனதாரத் துஆச் செய்தாள்.

யாரோ ஒருவர் தன் ரத்தத்தையே கொடுக்கிறார், கட்டினவருக்கு ஒரு நோன்பைக் காக்க முடியவில்லையே என்று நினைக்க நினைக்க இப்போது நெஞ்சு எரிந்தது.

நோன்பு திறக்கும் நேரம் அஸ்கர் வந்து உட்கார்ந்தான். அவள் கஞ்சிக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நோன்பில்லாத ஆளுக்கு என்னத்துக்குக் கஞ்சி? நீங்க சோடா குடிச்சது ஊருக்கே தெரியும்.”

அவன் மறுக்கவில்லை. களவு பிடிபட்ட பிள்ளை மாதிரி சிரித்தான். பிறகு மெதுவாகச் சட்டைக் கையைச் சுருட்டினான். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

ஸில்மியா கஞ்சிக் கோப்பையிலிருந்து கையை எடுத்தாள்.

“குடுத்திட்டு வெளிய வரக்குள்ள தலை சுத்திட்டு புள்ள. விழுந்திருவன் போல இருந்திச்சு, அதான் குடிச்சன். விட்ட நோன்புக்குக் கழா இருக்கு, பெருநாள் முடியத் திருப்பிப் பிடிச்சிரலாம். உன்ட மலேரியா செத்தா அதுக்குக் கழா இருக்கா?”