பக்கத்து இருக்கையில் ஜெரோம்

மேடையில் இளைஞன் ஜெரோம் கிட்டாரோடு குதித்துக்கொண்டிருந்தான். அது வெறும் ஒளி உருவம், பாடியது இயந்திரம். கல்லூரி நாட்களிலிருந்தே ஜெரோம் பாடிய ‘தண்டவாளம்’ ராக் குழுவின் ரசிகையான ரோஸ்லினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அறுபத்தெட்டு வயதிலும் எழுந்து நின்று கத்தினாள்.

தற்செயலாகப் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். தொப்பி போட்ட ஒரு கிழவர். இடது புருவத்தில், மேடை உருவத்துக்கு இருந்த அதே தழும்பு.

“சார், நீங்க ஜெரோம்தானே?”

“மெதுவா பேசும்மா. நானும் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்கேன்.”

“மேடையில ஏறிப் பாடுங்க சார்!”

“குரலை கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டேன். இனி நான் வெளியில பாடினா கேஸ் போட்டுடுவாங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. ரோஸ்லினுக்கு மனசு பொறுக்கவில்லை. மேடைக்கு முதுகைக் காட்டி அவரைப் பார்த்து நின்றாள்.

“என் குரலை யாரும் வாங்கல சார். நான் பாடுறேன், நீங்க தட்டுங்க.”

சுருதி எங்கெங்கோ போனது. அவள் விடவில்லை. ஜெரோம் முன்னிருக்கையின் முதுகில் இரண்டு கைகளாலும் தட்டினார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரென்று புரிந்ததும் ஒவ்வொருவராக அவளோடு சேர்ந்து பாடினார்கள். அந்தப் பக்கத்தில் மேடையை யாருமே பார்க்கவில்லை.

பாட்டு முடிந்ததும் ஜெரோம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சரணத்துல ரெண்டாவது வரி, நான் எழுதினது அது இல்லம்மா.”

“ஐயையோ! இத்தனை வருஷமா அப்படித்தானே சார் பாடுறேன்!”

“உன்னோடதுதான் நல்லா இருக்கு. அந்த வரியிலிருந்து இன்னொரு தடவை பாடு.”