காய்ச்சலில் வந்த மரியாதை

"நீங்க உக்காருங்கம்மா, எவ்வளவு நேரம் நிப்பீங்க?" என்கிறான் கட்டிலில் கிடக்கும் குழாய் ரிப்பேர்க்காரன், தன் மனைவியைப் பார்த்து. கல்யாணமான நாளிலிருந்து அவளை "ஏய்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிட்டறியாத வாய் அது. அவசர சிகிச்சைப் பிரிவின் குழல்விளக்கு அணைவதா எரிவதா என்று யோசித்து யோசித்து இமைக்கிறது. ராத்திரி முழுக்க ஈரத்துணி பிழிந்த அவளுடைய விரல்நுனிகள் இன்னும் வெளுத்துச் சுருங்கியிருக்கின்றன. "காலையிலேருந்து ஒரே வாங்க, போங்க தான் சிஸ்டர். காய்ச்சல்ல மரியாதைகூட வருமா?" என்று அசட்டுச் சிரிப்பு சிரிக்கிறாள். நர்ஸ் சிரிக்கவில்லை. அவன் கால்சட்டையை மேலே சுருட்டி, போன வாரம் துருப்பிடித்த குழாய் கிழித்த கெண்டைக்காலைப் பார்க்கிறாள். காயத்தின் சிவப்பு முழங்கால்வரை ஏறியிருக்கிறது. படுத்திருப்பவனுக்கு, ஓடி வந்தவனைப் போல மூச்சு வாங்குகிறது. "டாக்டர், செப்சிஸ் மாதிரி இருக்கு, சீக்கிரம் வாங்க!" என்று குரல் கொடுத்துவிட்டு இவள் பக்கம் திரும்புகிறாள். "காயத்துல புகுந்த கிருமியால உடம்பு முழுக்கப் பாதிச்சிருக்கும்மா. புத்தி தடுமாறுறதும் அதோட அடையாளம்தான். ரத்தம் எடுத்துட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம இப்பவே மருந்து ஏத்தணும். தூங்கட்டும்னு விட்டிருந்தீங்கன்னா ரொம்பக் கஷ்டமாயிருக்கும்." ஊசி ஏறுகிறது, மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. நின்று நின்று கால் ஓய்ந்தவள் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி அவன் காதருகே குனிகிறாள். "ஒரே ஒரு தடவை என்னைத் திட்டிடுங்களேன்." அவன் பதறிப்போய்க் கைகூப்பப் பார்க்கிறான்.

"ஐயையோ, உங்களையாங்க?"