மாடியில் ஒரு குழாய் மழை

மாடியில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. புதிய பச்சைக் கூடாரத்துக்குள் அக்கா காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். வெளியே தம்பி ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, கூரைமேல் தண்ணீரைப் பீய்ச்சுகிறான். பைக் ஓட்டப் பழகி மூன்றே மாதமான அவள், நாளைக் காலை தனியாகக் கிளம்பி மலையடிவாரத்தில் இரண்டு நாள் தங்கப்போகிறாள். அங்கே மழை வரும் என்கிறார்கள். பயணப் பேச்சை எடுத்த நாளிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன், கூடாரத்தைச் சோதிக்க மட்டும் தானாகவே வந்துவிட்டான். துணிமேல் தண்ணீர் சடசடக்கிறது. உள்ளே இளம்பச்சை வெளிச்சம் அவள் கைகளில் அசைகிறது. "ஒழுகுதாக்கா?" ஒழுக வேண்டும் என்ற ஆசை அவன் குரலில் ஒளியவில்லை. ஜிப்புக்கு மேலே தையலில் ஒரு துளி திரண்டு, அவள் முழங்காலில் விழுகிறது. துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. "ஒழுகுதுடா," என்கிறாள். தண்ணீர் நிற்கிறது. ஈரக் காலோடு உள்ளே தவழ்ந்து வந்தவன் அந்தத் தையலை விரலால் மெல்லத் தடவுகிறான். "நெனச்சேன்," என்கிறான். பிறகு அவளைப் பார்க்காமலே கையை நீட்டுகிறான். "தையல அடைக்கிற பசை எங்க வச்சிருக்க? ஈரத்தத் தொடச்சுட்டு இப்பவே தடவினா, நீ கெளம்பறதுக்குள்ள காஞ்சிரும்."