கடைசி இடம்

"டேய் நார்ப், உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?"

டுவைட் கேட்டதைக் காதில் வாங்காமல், நார்ப் கோழி இறக்கையைச் சீஸ் கலவையில் முக்கி எடுத்தான்.

"பேரம் பேசினது லொரெய்ன்கிட்ட. உனக்கு ஏன் வலிக்குது?"

பஃபலோவில் ஆகஸ்ட் மாதப் புழுக்கம். டுவைட் வீட்டுக் கார் ஷெட்டில் தெருவின் ஐந்து வீட்டுக்காரர்களும் கூடியிருந்தார்கள். அமெரிக்க ஃபுட்பால் பருவம் தொடங்குமுன் வருடா வருடம் நடப்பதுதான். முறை வைத்து, ஆளுக்கு ஒருவராக, நிஜ ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லிப் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்த ஆட்டக்காரன் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் வெளுத்துக் கட்டினால் இவர்களுக்குப் புள்ளி.

முதலில் வருபவருக்குக் கோப்பை. கடைசியில் வருபவருக்கு மண்வாரி. புத்தாண்டிலிருந்து பனி உருகும்வரை, ஆட்டத்தில் இருக்கும் அத்தனை வீட்டு வாசலையும் அவர்தான் பனியைத் தள்ளிச் சுத்தம் பண்ண வேண்டும். கையால்தான். மெஷின் கூடாது.

போன வருடம் மண்வாரி டுவைட்டுக்கு. இடுப்பு இன்னும் முனகுகிறது. கோப்பை வழக்கம்போல நார்ப்புக்கு. அந்த விஷயத்தில் அவன் எமகாதகன்.

இந்த வருடம் எல்மரின் நாற்காலியில் அவன் மனைவி லொரெய்ன். எல்மர் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. "அந்த நாற்காலி காலியா கிடந்தா நல்லாவா இருக்கு?" என்று அவளை வற்புறுத்தி அழைத்து வந்ததே நார்ப்தான்.

இதற்குத்தானா என்று இப்போது டுவைட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சற்று முன் நடந்த குலுக்கலில் முதல் முறை நார்ப்புக்கு விழுந்தது. லொரெய்னுக்கு நாலாவது. உடனே நார்ப் அவள் பக்கம் சாய்ந்தான்.

"என் முதல் முறையை நீங்க எடுத்துக்குங்க லொரெய்ன். உங்க நாலாவதோட, பின்னாடி வர்ற இன்னும் ரெண்டு முறையை எனக்குக் குடுத்துடுங்க."

"அப்போ பென்ரோஸ் எனக்குக் கிடைப்பானா?"

பென்ரோஸ் உள்ளூர் அணியில் பந்து எறிபவன். அவன் எறியும்போதெல்லாம் எல்மர் டி.வி. முன்னால் எழுந்து நின்று கத்துவான்.

"கிடைப்பானாவா? உங்க வீட்டுப் பிள்ளை மாதிரி!"

"ரெண்டு ஜாஸ்தி. ஒண்ணு தர்றேன்."

"ரெண்டு. இல்லேன்னா பென்ரோஸ் எனக்கு."

"கிராதகா! எடுத்துத் தொலை."

லொரெய்ன் சிரித்தாள். அவள் சிரித்தே நாளாகியிருந்தது. டுவைட்டுக்குத்தான் வயிறு எரிந்தது. ஒரே ஒரு நல்ல ஆளைக் காட்டி, மூன்று பேருக்கான இடத்தைப் பிடுங்கிவிட்டானே! மிச்சம் மீதியை வைத்துக்கொண்டு அவள் எப்படி ஜெயிப்பாள்? கடைசியில்தான் வருவாள்.

கடைசியில் வந்தால் மண்வாரி.

போன குளிர்காலத்தில் அவள் ஆட்டத்தில் இல்லை. டுவைட் அவள் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடப் போனான். "ஆட்டத்துல இல்லாத வீட்டுக்கு எதுக்கு வர்றீங்க? எனக்குக் கை கால் இருக்கு" என்று கதவைச் சாத்திவிட்டாள். மறுவாரமே வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இன்னொரு தடவை விழுந்தால் வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு அரிசோனாவுக்கு வந்துவிட வேண்டும் என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

"இப்போதானே சாப்பாட்டுக்கு முன்னாடி இந்த நார்ப் கண்ணை மூடிக்கிட்டு உருக்கமா ஜெபம் சொன்னான்?" என்று டுவைட்டின் மனைவி பெட்டி அவன் காதில் கிசுகிசுத்தாள். "ஆமென் சொன்ன வாய் இன்னும் காயல."

ஆள் பிடிப்பது தொடங்கியது. லொரெய்ன் பென்ரோஸைப் பிடித்தாள். நார்ப் முறை வந்தது.

"ஓக்லி."

"அவனுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கேப்பா!"

"எழுந்து வருவான்."

அடுத்த முறை. "மெரிவெதர்."

"அவன் போன மாசம் ஓய்வு பெற்றுட்டான்!"

"மனசு மாறும். மனுஷன்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கி, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நார்ப் தப்பாகப் பிடிப்பானா? நமக்குத் தெரியாதது ஏதோ அவனுக்குத் தெரிந்திருக்கிறது! ஓக்லியைக் கோட்டைவிட்டோமே என்று இவர்கள் நொந்துகொண்டார்கள்.

லொரெய்னிடம் வாங்கிய இரண்டு முறையிலும் நார்ப் அதே மாதிரிதான் பிடித்தான். ஒருவன் தோள்பட்டையில் கட்டோடு இருந்தான். இன்னொருவனை யாருமே கேள்விப்பட்டதில்லை.

எல்லாம் முடிந்து, லொரெய்ன் பென்ரோஸ் பெருமை பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். டுவைட் நார்ப்பைத் துரத்திக்கொண்டு அவன் டிரக் வரைக்கும் போனான்.

"உன் தந்திரமெல்லாம் போதும். அந்தப் பேரத்தை ரத்து பண்ணு. அவங்க கடைசியில வந்து, அந்தக் கையோட அஞ்சு வாசல் தள்ளுவாங்களா? பாவம் புண்ணியம் பார்க்க மாட்டியா?"

நார்ப் மீந்துபோன கேக்கை வைக்க டிரக்கின் பின்கதவைத் திறந்தான்.

உள்ளே ஒரு பனி மண்வாரி. புத்தம் புதுசு. விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

டுவைட் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "ஆகஸ்ட்ல மண்வாரியா? யாருக்குடா?"

"சும்மா குடுத்தா அந்தம்மா கதவைச் சாத்துறாங்க. பேரம் பேசினா வாங்கிக்கிறாங்க" என்றான் நார்ப், கேக்கை மண்வாரியின் மேலேயே பத்திரமாக வைத்தபடி. "நீ கவலைப்படாதே. கடைசி இடத்துக்கு நான் துண்டு போட்டாச்சு."