மிச்சம் வைத்த துண்டு

"மெதுவா கடிங்க தம்பி. உள்ளே என்னென்னவோ இருக்கும். பல்லு போச்சுன்னா எங்க ஊர் மேல பழி போடாதீங்க."

மிஸஸ் ரெய்ட் சொன்னதைக் கேட்டு ஹால்வர் சிரித்தான். மேசை நடுவே கரும்பழுப்பு நிறத்தில், ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது டம்ப்ளிங்.

"பீரங்கிக் குண்டு மாதிரி இருக்கே! இதுவா பிறந்தநாள் பலகாரம்?"

"மாவு, திராட்சை, பட்டை, மாட்டுக் கொழுப்பு. துணியில மூட்டையா கட்டிக் காலையிலேர்ந்து வேக வெச்சது."

"இனிப்புல கொழுப்பா?"

"நார்வேக்காரங்க மீனைப் புதைச்சு வெச்சு, நாறினப்புறம் திங்கறீங்களே. அதுக்கு இது தேவலை."

அவள் மகள் எல்ஸ்பெத் சிரிக்கவில்லை. இன்று அவளுக்குத்தான் பிறந்தநாள். நேற்றுத் துறைமுகத்தில் வைத்து, "என்னோட வந்துடு, கல்யாணம் பண்ணிக்கலாம்" என்று ஹால்வர் கேட்டிருந்தான். மரம் ஏற்றி வரும் அவனுடைய கப்பலுக்கு இந்த ஊரில் இதுதான் கடைசி நிறுத்தம். இனி இந்தப் பக்கம் வராது. 'நாளைக்கு வீட்டுக்கு வாங்க, டம்ப்ளிங் சாப்பிட்டதும் சொல்றேன்' என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"உள்ளே அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டான்.

"காசு கிடைச்சா பணம் வரும்" என்றாள் மிஸஸ் ரெய்ட். "பட்டன் கிடைச்ச ஆம்பளை கடைசிவரைக்கும் ஒண்டிக்கட்டை. மோதிரம் கிடைச்சா ஒரு வருஷத்துல கல்யாணம். என் கல்யாண மோதிரத்தையே கழட்டி உள்ளே போட்டிருக்கேன், பாருங்க." வெறும் விரலை நீட்டிக் காட்டினாள்.

"அவ்வளவுதானா?"

"விரலுறையும் இருக்கும்" என்றாள் எல்ஸ்பெத், தாழ்ந்த குரலில். "தைக்கிறப்போ ஊசி குத்தாம விரல்ல மாட்டிக்குவோமே, அது. அது யாருக்கு வருதோ அவளுக்குக் கல்யாணம் கிடையாது. மீறிப் பண்ணிக்கிட்டா, கட்டிக்கிறவனுக்கு ஆகாதுன்னு அம்மா சொல்லுவா."

"இதையெல்லாம் நீ நம்பறியா?"

"எங்கப்பா நம்பலை. படகுல விசில் அடிக்கக் கூடாதுன்னா வேணும்னே அடிப்பார்." அவள் பார்வை கதவருகே ஆணியில் தொங்கிய தொப்பிக்குப் போனது. "அந்தத் தொப்பி மட்டும்தான் கரைக்கு வந்துச்சு."

ஹால்வர் திரும்பித் தொப்பியைப் பார்த்தான்.

"ஜாக் என்னைக் கட்டிக்கக் கேட்ட வருஷமும் எனக்கு விரலுறைதான் வந்துச்சு. கென்னி கேட்டப்பவும் அதேதான்."

"மோதிரம் ரெண்டு தடவையும் மிச்சத்துலதான் இருந்தது தம்பி" என்று அம்மா பெருமூச்சு விட்டாள். "மறுநாள் காலையில வறுக்கறதுக்கு நான் வெட்டறப்போ கையில வந்து நிக்கும். ஒரு விரல் தள்ளி வெட்டியிருந்தா என் பொண்ணுக்குத்தான்! என்ன பண்றது, அவ தலையெழுத்து."

கத்தியை எடுத்து வெட்டினாள். முதல் துண்டு மகளுக்கு, அடுத்தது விருந்தாளிக்கு.

"நீங்க சாப்பிடலையா?"

"எனக்குச் சர்க்கரை. பார்க்கறதோட சரி."

அவள் டீ எடுக்க அடுப்புப் பக்கம் திரும்பியதும் எல்ஸ்பெத் ஹால்வரின் கையைத் தொட்டாள்.

"மோதிரம்கூட வேண்டாம். விரலுறை வராம இருந்தா போதும். இப்பவே உங்ககூடக் கிளம்பிடறேன். பெட்டிகூடக் கட்டி வெச்சுட்டேன்."

ஹால்வர் முதல் வாய் எடுத்து வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. திராட்சை கரைந்து, பட்டை வாசனை மூக்குவரை ஏறியது.

"அட, நல்லா இருக்கே!"

டக்.

சத்தம் எல்ஸ்பெத்தின் வாயிலிருந்து வந்தது. மெல்ல எடுத்துத் தட்டில் வைத்தாள். விரலுறை.

"அடி என் கண்ணே" என்றாள் அம்மா.

"இது ஒரு தகரத் துண்டு! இதுக்காகவா?" ஹால்வரின் குரல் உயர்ந்தது.

"நீங்க கடல்ல இருக்கிறவர். அப்பா மாதிரி உங்களையும் அது எடுத்துக்கிட்டா? எங்கேயாவது உயிரோட இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டாவது இருப்பேன். போயிடுங்க."

"எல்ஸ்பெத்..."

"கெஞ்சிக் கேக்கறேன். போங்க."

அவன் தலை குனிந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் கரண்டியை மறுபடி துண்டில் குத்தினான். மிஸஸ் ரெய்ட் சட்டென்று தட்டை இழுத்து ஜன்னல் திட்டில் வைத்தாள்.

"துக்கத்தோட சாப்பிட வேணாம் தம்பி, ஒட்டாது. கப்பலுக்கு நேரமாச்சு. வாங்க, நானே துறைமுகம்வரைக்கும் வந்து வழியனுப்பறேன்." சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள். "நீ போய்ப் படு எல்சி. மிச்சத்தைத் தொடாதே. காலையில நானே வறுத்துத் தர்றேன்."

எல்ஸ்பெத் படுக்கவில்லை. ஜன்னலருகே நின்றாள். கப்பல் சங்கு ஊதியது. கலங்கரை விளக்கைத் தாண்டி, புகை மெலிந்து, கடைசியில் கடல் மட்டுமே மிஞ்சியது.

ஜன்னல் திட்டில் அவன் தட்டு அப்படியே இருந்தது. ஒரு வாய்தான் தின்றிருந்தான். அந்தத் துண்டையும் அவன் கரண்டியையும் எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். இனி அவனோடு பகிர்ந்துகொள்ள அவளுக்கு வேறு எதுவும் இல்லை. ஆறிப்போயிருந்தது. அழுதபடியே தின்றாள்.

இரண்டாவது வாயில் பல்லில் ஏதோ இடித்தது.

துப்பினாள். விரலுறை.

தன் தட்டைப் பார்த்தாள். அவளுடையது அங்கேயே கிடந்தது.

இரண்டு கைகளாலும் டம்ப்ளிங்கைப் பிய்த்தாள். காசு இல்லை. பட்டன் இல்லை. மோதிரம் இல்லை. மேசை முழுக்க விரலுறைகள்தான் உருண்டன.